ஒயரில் கட்டிய வளையல்

ஏப்ரல் 7, திங்கள்

டாக்டரம்மா எழுதச் சொன்னார். எங்கே படுத்தேன், இடையில் என்ன செய்தேன், எப்படி எழுந்தேன். மணி மட்டும் போட வேண்டாமாம். "மணி பாக்குறதுலயே பாதித் தூக்கம் போயிடும். கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சிருங்க. மனசுல பட்டதை எழுதிட்டு வாங்க, போதும்."

மனசில் பட்டது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. வேலையிடத்து சர்வீஸ் புத்தகத்தில் எழுதுகிற மாதிரியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கண்ட குறை: தூக்கம் இல்லை.

காரணம்: முதுகு. என் நோய்க்கு நீளமான பெயர். முதுகெலும்பு மூட்டுகள் உள்ளுக்குள் வீங்கி, போகப் போக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எல்லா நோய்க்கும் படுத்து ஓய்வெடுக்கச் சொல்வார்கள், இதற்குத் தலைகீழ். நடந்தால் குறையும், படுத்தால் கூடும். காலேஜ் முடித்த கையோடு வந்தது. இப்போது எனக்கு முப்பத்தொன்று.

செய்த வேலை: மாத்திரை வாங்கினேன். ரசம் வைத்தேன். சட்டை துவைத்தேன்.

டாக்டரம்மா இன்னொன்றும் கேட்டார். "என்ன வேலை பாக்குறீங்க? மெஷின், உயரம், அந்த மாதிரி எதுவும் உண்டா?"

"ஆபீஸ் வேலைதான் மேடம்."

ஏப்ரல் 8, செவ்வாய்

ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி. விடியும்வரை.

ஏப்ரல் 9, புதன்

சேவியர் அண்ணனோடு ஜங்ஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜ் லிஃப்ட். எங்கள் கம்பெனியில் இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர்தான் என் ஜோடி.

டாக்டரம்மா இதைப் படித்தால் என் வேலை தெரிந்துவிடும். படிக்கக் கொடுக்கும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

லிஃப்டில் எல்லா மாடிக் கதவும் மூடியிருந்தால்தான் பெட்டி நகரும். ஒரு கதவு திறந்திருந்தாலும் நின்றுவிடும். கதவையே சரிபார்க்க வேண்டியிருந்தால், மொட்டை மாடி மெஷின் ரூமில் இருக்கும் பேனலில் ஒரு துண்டு ஒயரை மாட்டி அந்தப் பாதுகாப்பைக் கொஞ்ச நேரம் ஏமாற்றுவோம். அந்த ஒயருக்கு ஜம்பர் என்று பெயர். வேலை முடிந்ததும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மறந்தால், கதவு திறந்து கிடக்கும்போதே பெட்டி வேறு மாடிக்குப் போய்விடும். வாசலில் கால் வைக்கிறவருக்கு முன்னால் வெறும் பள்ளம்தான் இருக்கும். டிப்ளமோ முடித்து வருகிற எவனுக்கும் முதல் நாளே இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள்.

அதனால் ஒவ்வொருவனும் தன் ஜம்பரில் கண்ணை உறுத்துகிற மாதிரி எதையாவது கட்டி வைத்திருப்பான். சேவியர் அண்ணனுடையதில் சிவப்பு ரிப்பன். என்னுடையதில் இப்போது ஒன்றும் இல்லை.

வேலை முடிந்து கீழே வந்து வண்டியை எடுக்கும்போது சேவியர் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏல நயினாரு, டிபன் பாக்ஸை மேலேயே வெச்சிட்டு வந்துட்டேன் பாத்தியா. நீ நில்லு, எடுத்துட்டு வாரேன்."

"நான் போறேண்ணே. உங்களுக்கு மூட்டு வலி."

"ஆமா, உனக்கு இடுப்புல ரோசாப்பூ பூத்துக் கெடக்கு. நில்லுல அங்கனயே."

கொஞ்ச நாளாகவே அவருக்கு மறதி கூடிவிட்டது. போன தடவை ஸ்பானர். அதற்கு முன்னால் கண்ணாடி. ஐம்பதைத் தொடப் போகிறார். வயது.

ஏப்ரல் 12, சனி

பயம் என்று எழுதலாமா தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் காலையில் என் இடுப்பு பூட்டிக்கொள்ளும். என் மனைவி கோமு தூக்கத்திலேயே என்னைத் திருப்பிவிடுவாள். முழங்காலால் முதுகில் ஒரு தள்ளு. "திரும்புங்க." கண்ணைத் திறக்க மாட்டாள். காலையில் கேட்டால், "நானா? சும்மா சொல்லாதீங்க" என்பாள்.

நேற்று நாற்காலியில் சாய்ந்திருந்தேன். முதுகில் ஒரு தள்ளு. நான் திரும்பினேன்.

திரும்பிய பிறகுதான் உறைத்தது. நாற்காலிக்குப் பின்னால் சுவர். ஒரு கை நுழையக்கூட இடம் கிடையாது.

அரைத் தூக்கத்தில் மூளை செய்கிற வேலை இது. தெரியும். ஆனாலும் எழுந்து வீட்டில் இருக்கிற லைட் எல்லாவற்றையும் போட்டேன். பாத்ரூம் லைட்டையும் போட்டேன். வாசல் கதவைத் திறந்துவைத்துப் படியில் போய் உட்கார்ந்தேன். பால்காரர் வருகிறவரைக்கும் உள்ளே போகவில்லை. சந்தோஷப்பட்டிருக்கலாம். அப்படி ஒன்றும் தோன்றவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைப் பிறப்பு. லீவு. கோமுவின் அம்மா போன் செய்தார்.

"மாப்பிள்ளை, பாயாசம் வெச்சீங்களா?"

"கடையில வாங்கினேன் அத்தை." வாங்கவில்லை.

"ராத்திரி தூங்குறீங்களா? அந்தக் கட்டிலு நல்ல கட்டிலு. தேக்கு. அவ அப்பா தென்காசியில போயி நின்னு செஞ்சு வாங்கினது. கீழ கீழ படுத்து முதுகைக் கெடுத்துக்காதீங்க, என்ன?"

"கட்டில்லதான் அத்தை படுக்கேன்."

"அதான். அவளும் அதையேதான் சொல்லுவா." அவர்தான் போனை வைத்தார்.

ஃபேன் ரெக்கைகளைத் துடைத்தேன். கேஸ் அடுப்பைக் கழற்றி மாட்டினேன். படுக்கையறைக் கதவுக் கீல் சத்தம் போட்டது, எண்ணெய் விட்டேன். உள்ளே போகவில்லை. வெளியில் நின்றே கை எட்டியது.

ஏப்ரல் 17, வியாழன்

வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றிருந்தேன். சிவப்பு. நான் கண்ணை மூடவில்லை, நிச்சயமாகத் தெரியும். பின்னாலிருந்து ஒரே ஹாரன் சத்தம். பார்த்தால் பச்சை. எதிர்ப் பக்கம் நின்ற பஸ் என்னைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. அது கிளம்பியதையும் நான் பார்க்கவில்லை, என்னைத் தாண்டியதையும் பார்க்கவில்லை. நடுவில் ஒரு துண்டு காணவில்லை.

பின்னால் உட்கார்ந்திருந்த சேவியர் அண்ணன் பாலத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். "டீ குடிப்போம்" என்றார். கடையிலிருந்து கிளம்பும்போது சாவியை அவர் கையில் எடுத்துக்கொண்டார்.

"உன் வண்டி மைலேஜு எப்படின்னு பாக்கேன்."

அவருக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும்.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. லீவு. லீவு விட்டால்தான் சிரமம். வேலை இருந்தால் பகல் முழுதும் வெளியில் போய்விடும். சேவியர் அண்ணன் எதையாவது பேசிக்கொண்டே இருப்பார். வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஃபிரிஜ் மோட்டார் ஓடி நிற்கும். அது நிற்கிறபோது நெஞ்சு திடுக்கென்கிறது. ஓடும்போது ஒன்றும் இல்லை. நின்றால்தான்.

கோமு போனது கார்த்திகையில். டெங்கு. காய்ச்சல் விட்டுவிட்டது. கையைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. "சூடு இறங்கிட்டு கோமு, இனிமே பயமில்ல" என்றேன். காய்ச்சல் இறங்கிய பிறகுதான் இந்த நோயில் ஆபத்தே தொடங்கும் என்று நர்ஸ் சொன்னபோது அவளை ஏற்கெனவே உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

செய்த வேலை: ஃபிரிஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். உள்ளே இருந்தது பால் மட்டும்தான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஜம்பரில் என்ன கட்டியிருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு பித்தளை வளையல். கைக்குழந்தைக்குப் போடுகிற அளவு. ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் வாசல் கடையில் கோமு வாங்கினாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பீரோவில் கொஞ்ச காலம் கிடந்தது. குழந்தைக்காகக் காட்டுகிற ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஒரு நாள் சாயங்காலம் அதை எடுத்து வந்து, "ஒங்க ஒயரைக் கொண்டாங்க" என்றாள். நூலால் இறுக்கிக் கட்டினாள்.

"ரிப்பன் கட்டினா கண்ணு பாக்கணும். இது காதுக்கே கேக்கும். கீழ எறங்கும்போது பையில சத்தம் வரலன்னா திரும்பி ஏறிப் போயிருங்க. கேக்குதா?"

சேவியர் அண்ணன் கேலி செய்வார். "ஏ, சலங்கை கட்டிக்கிட்டு வாராம்ல நம்ம மெக்கானிக்கு. எந்த ஊருல கச்சேரி?"

கார்த்திகைக்குப் பிறகு நூலை அறுத்து எடுத்துவிட்டேன். நடக்க நடக்கச் சத்தம், வேலைக்கு இடைஞ்சல். இப்போது அலமாரியில் கடலைப்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

ஏப்ரல் 26, சனி

டாக்டரம்மாவிடம் போனேன். பக்கங்களைக் காட்டவில்லை, வீட்டில் மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கீழே இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்க வேண்டிய கோடு மங்கியிருக்கிறது. முழுதும் ஒட்டிவிட்டால் மூங்கில் மாதிரி ஒரே தண்டாகிவிடும். குனிய முடியாது. திரும்பிப் பார்க்க உடம்போடு திரும்ப வேண்டும்.

"தூங்காத உடம்புல வீக்கம் குறையாது நயினார். மருந்தால மட்டும் ஆகிற காரியம் இல்ல. நாற்காலியில தூங்குறது, சோபாவுல தூங்குறது எல்லாம் கூடாது. கட்டில்ல மட்டும்தான். தூக்கம் வரலன்னா எழுந்து வந்துருங்க. வந்ததும் திரும்ப அங்கதான் போகணும். கட்டில்ல படுக்குறீங்கதானே?"

"ஆமா மேடம்."

"யார்கூட இருக்கீங்க வீட்டுல?"

"ஃபேமிலியோட."

இதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்ன பிறகு வெளியில் பெஞ்சில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 30, புதன்

தூங்கவில்லை. மாத்திரை சாப்பிட்டும். அது கை கால்களைப் படுக்கவைத்தது, தலையை விட்டுவிட்டது. அசைய முடியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். செத்தால் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். பிறகு அவளுக்கு அப்படி இருந்திருக்குமோ என்று நினைத்தேன்.

இன்று சமையல் இல்லை.

மே 2, வெள்ளி

சேவியர் அண்ணன் மகள் பெல்சியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை, சர்ச்சில் முதல் தடவை அப்பம் வாங்குகிற விழா. நாளைக்கும் அவர் லீவு. பந்தல், பிரியாணி, கேக், ஆயிரம் சோலி இருக்கிறது அவருக்கு.

"ஞாயித்துக்கெழமை கோயிலுக்கு வரலன்னாலும் சாப்பாட்டுக்கு வந்துருல. வெள்ளைச் சட்டை இருக்கா? இல்லன்னா என்னுது ஒண்ணு தாரேன், ரெண்டு நயினாரு உள்ள போலாம்."

"வாரேண்ணே."

கிளம்பியவர் திரும்பி வந்தார். "நாளைக்கு நீ ஆபீஸ்லயே இரு. தளவாய் சாரு அனுப்புனாலும் ஒத்தையில எங்கயும் ஏறாத. கேக்கியா?"

"ஏன்?"

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒண்ணுமில்ல. வெயிலு."

மே 3, சனி

பாளையங்கோட்டையில் ஒரு பழைய அடுக்ககம், ஐந்து மாடி. கையால் இழுத்துத் திறக்கிற கதவு. மூன்றாம் மாடிக் கதவு சரியாக மூடவில்லை என்று புகார். நாளைக்கு அங்கே ஐந்தாம் மாடியில் வளைகாப்பாம், இன்றைக்கே சரிசெய்து கொடு என்கிறார்கள். தளவாய் சார்தான் எங்கள் சூப்பர்வைசர். அவரிடம் வேறு ஆள் இல்லை. "சின்ன வேலைதான், ஒருத்தனாப் பாத்துருவியா?" என்றார். பார்த்துவிடுவேன் என்றேன். வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

கதவு சரி. எண்ணெய் விட்டாயிற்று. போட்ட ஸ்க்ரூவையே இன்னொரு தடவை போட்டுக்கொண்டிருந்தேன். படியில் இறங்கியது நினைவிருக்கிறது. வாட்ச்மேன் அண்ணாச்சி கையெழுத்துப் போட்டது நினைவிருக்கிறது.

மே 4, ஞாயிறு

மறப்பதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன்.

காலையில் புதுநன்மைக்குப் போகவில்லை. சாப்பாட்டுக்குப் போய்க்கொள்ளலாம் என்று துணி துவைக்க உட்கார்ந்தேன். யூனிஃபார்ம் பேன்ட் பைகளை வெளியே இழுத்துவிட்டேன். டெஸ்டர். ஒரு நட்டு. வேறு ஒன்றும் இல்லை.

கருவிப் பையைத் தரையில் கொட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஜம்பர் இல்லை. பையை உதறினேன். வண்டிப் பெட்டியில் பார்த்தேன். வாளிக்குள் சோப்புத் தண்ணீரில் கையை விட்டுத் துழாவினேன். இல்லை.

கழற்றினேனா? கண்ணை மூடி யோசித்தேன். மாட்டியது தெரிகிறது. கழற்றியது தெரியவில்லை. சிக்னல் மாதிரியே, நடுவில் ஒரு துண்டு காணவில்லை.

அங்கே வாட்ச்மேன் சண்முகையா அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். பின்னால் நாதஸ்வரம், குழந்தைகள் சத்தம்.

"அண்ணாச்சி, லிஃப்டு ஓடுதா?"

"சும்மா சொல்லக் கூடாது தம்பி, கல்யாண வீட்டு ஜட்கா மாதிரி ஓடுது. ஏறுறதும் எறங்குறதும், காலையிலருந்து ஓயல."

"நிறுத்துங்க. மெயினை இறக்குங்க, இப்பவே."

"என்னது? கேக்கல. மேளம் அடிக்கானுவோ."

"மெயின்! மீட்டர் ரூம்ல மெயின் சுவிட்ச்!"

"விளையாடாதீங்க தம்பி. வயசானவுக எத்தனை பேரு மேல போணும். இப்ப நிறுத்துனா என் கழுத்தை நெரிச்சிருவாங்க. நாளைக்கு வந்து பாருங்க, என்ன?" வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

சேவியர் அண்ணனுக்கு அடித்தேன். அவர் வீடு அங்கிருந்து இரண்டு தெரு.

"எங்கல இருக்க? இலை போட்டாச்சு."

"அண்ணே, உங்க தெருப் பக்கத்து அஞ்சு மாடி லிஃப்டு. ஜம்பரை எடுக்கல."

இவ்வளவுதான் சொன்னேன். எப்போது, ஏன் ஏறினாய் என்று அவர் கேட்கவில்லை. "நீ வண்டி எடுக்காத. கேக்கியா? வண்டிய எடுக்காத" என்று கத்தினார். ஓடுகிற சத்தம் கேட்டது.

நான் வண்டியை எடுத்தேன். அவர் அந்த மூட்டோடு ஓடி வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

வாட்ச்மேனிடம் பேச நிற்காமல் படியில் ஏறினேன். தரையில் உட்கார்ந்து எழுந்தால் என் இடுப்பு மடங்காது. கைப்பிடியைப் பற்றி உடம்பை இழுத்துத்தான் ஏற வேண்டும். சீர்த்தட்டுகளை மூன்றாம் மாடியில் ஒரு வீட்டில் அடுக்கி வைத்திருந்திருக்கிறார்கள். அங்கிருந்து லிஃப்டில் ஐந்தாம் மாடிக்குக் கொண்டுபோவதற்காக, கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு தேங்காய் மூட்டையை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

நான் அந்த மாடிக்கு வந்தபோது கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே பெட்டி இல்லை. கம்பி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ கீழேயிருந்து பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள், அது கிளம்பிப் போய்விட்டது.

பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மாள் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். பெரிய தாம்பாளம் நிறையக் கண்ணாடி வளையல், மூக்குவரை குவிந்திருந்தது. வாசலைப் பார்க்காமல், உள்ளே திரும்பி யாரிடமோ சிரித்துக்கொண்டே நேராக லிஃப்டுக்கு நடந்தார்.

"நில்லுங்க!" என்று கத்தினேனா, கத்த நினைத்தேனா தெரியாது. அவர் நிற்கவில்லை. நான் எட்டிப் பிடித்தேன். தோளா முந்தானையா, எதுவோ கையில் அகப்பட்டது. இழுத்தேன். இரண்டு பேரும் பின்னால் விழுந்தோம். என் முதுகு தரையில். அவர் என்மேல்.

தாம்பாளம் மட்டும் போய்விட்டது.

அந்தச் சத்தத்தை எழுதத் தெரியவில்லை. முதலில் தாம்பாளம் எங்கேயோ இடித்தது. பிறகு வளையல்கள். எல்லாம் ஒரே நேரத்தில் விழவில்லை. கம்பியில் பட்டு, சுவரில் பட்டு, கீழே நின்ற பெட்டியின் கூரையில் கொட்டி, ஓரமாக இருந்தவை இன்னும் கீழே போய், நான் மல்லாந்து கிடந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். எப்போது நிற்கும், எப்போது நிற்கும் என்று. நின்றது.

பிறகுதான் அந்த அம்மாள் அலறினார்.

பின்னாலேயே வந்துவிட்ட சேவியர் அண்ணன் வெள்ளைச் சட்டையில் மெஷின் ரூமுக்கு ஓடினார். லிஃப்ட் நின்றுபோனது. கூட்டம் கூடிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சிப் பெண் கை நிறைய வளையலோடு ஐந்தாம் மாடியிலிருந்து இறங்கி வந்து, அந்த அம்மாளைக் கட்டிக்கொண்டு, "சித்தி, சித்தி" என்று அழுதாள். சித்தி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எந்தச் சாமி ஒன்ன அனுப்புச்சோ, எய்யா!"

சண்முகையா அண்ணாச்சி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "போன்லயே சொன்னாரு தம்பி, நான்தான் கோட்டிக்காரன் கேக்கல. மெஷின்ல கோளாறுன்னு வீட்டுல இருந்தே கண்டுபிடிச்சிருக்காரு பாருங்க."

எனக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். தொன்னையைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சேவியர் அண்ணன் என்னைப் படிக்குக் கீழே இழுத்துப் போனார். கையை விரித்தார். என் ஜம்பர். உடனே தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஒரு பய பாக்கல. கான்டாக்ட் பழுது, மாத்தியாச்சுன்னு எழுதிருதேன். நீ வாயைத் தொறக்காத."

"அண்ணே."

"என்ன?"

"நீங்க டிபன் பாக்ஸை மறக்குறது..."

அவர் சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்தார். "எத்தனை தடவைல ஏறி ஏறிப் பாப்பேன். மூட்டு தேஞ்சு போச்சுல எனக்கு." அழுதாரா, மூச்சு வாங்கினாரா என்று தெரியவில்லை. "ரெண்டு தடவை உன் ஒயரை எடுத்து உனக்கே தெரியாம பையில போட்டிருக்கேன். ரெண்டு தடவை. உங்கிட்டச் சொன்னா நீ வேலைக்கு வராம வீட்டுக்குள்ளயே கெடந்து செத்துருவன்னு பயந்தேன், சவத்து மூதி."

மே 5, திங்கள்

தளவாய் சாரிடம் சொன்னேன். தூங்காததையும் சொன்னேன். சேவியர் அண்ணன் கதவுக்கு வெளியே நின்று தலையில் கையை வைத்துக்கொண்டார்.

சார் ரொம்ப நேரம் பேனாவை மூடித் திறந்தார். "பழுதுன்னு ரிப்போர்ட் வந்தாச்சு. அவங்க ஒனக்கு மாலை போடணும்னு கேக்காங்க. நீ சொல்லலன்னா எனக்குத் தெரியவே போறதில்ல. ஏம்பா சொன்ன?"

"சொல்லலன்னா நாளைக்கும் அனுப்புவீங்க சார்."

ஒத்தையில் அனுப்பியது தன் தப்பு என்றார். அதையும் எழுதி மேலே அனுப்பப்போவதாகச் சொன்னார். அந்த வீட்டாரிடம் நடந்ததைச் சொல்ல அவரும் நானும் போனோம். சித்தியின் வீட்டுக்காரர்தான் பேசினார். கேட்டுக்கொண்டேன்.

இனி டாக்டர் எழுதிக் கொடுக்கிறவரைக்கும் லிஃப்ட் கிடையாது. ஆபீசில் போன் எடுக்கிற வேலை.

மதியம் லிஃப்ட் குழியைச் சுத்தம் செய்யப் போனோம். நான் இறங்கக் கூடாது. மேலேயிருந்து டார்ச் அடித்தேன். சேவியர் அண்ணன் கூட்டி அள்ளினார். இரண்டு வாளி. பச்சையும் சிவப்பும். முழுசாக ஒன்றுகூட இல்லை, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மே 8, வியாழன்

டாக்டரம்மாவிடம் எல்லாப் பக்கத்தையும் கொடுத்தேன். ஒன்றையும் கிழிக்கவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கிற அளவுக்கு உட்கார்ந்து படித்தார்.

"லிஃப்ட் மெக்கானிக்" என்றார்.

"ஆமா மேடம்."

"ஃபேமிலின்னு சொன்னீங்க."

"ஆமா மேடம்."

மாத்திரையை மாற்றினார். துக்கத்துக்கு ஆலோசனை சொல்கிற இன்னொரு டாக்டருக்குச் சீட்டு எழுதினார். திட்டுவார் என்று நினைத்தேன். "அந்தக் கட்டில்ல விரிப்பு மாத்தி எவ்வளவு நாளாச்சு?" என்று மட்டும் கேட்டார்.

சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மே 10, சனி

விரிப்பைத் துவைத்தேன். தலையணை உறையை மட்டும் தண்ணீரில் போடவில்லை. மடித்து பீரோவில் வைத்தேன்.

மே 13, செவ்வாய்

பருப்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்து வளையல்களை எடுத்து ஆபீசுக்குக் கொண்டுபோனேன். சேவியர் அண்ணன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ஜம்பரை வாங்கி, சிவப்பு ரிப்பனோடு சேர்த்து நூலால் கட்டினேன். கோமு போட்ட மாதிரி இரட்டை முடிச்சு.

"எனக்கெதுக்குல? நான் என்ன மறக்குறவனா?"

"டிபன் பாக்ஸ்?"

"செருப்பு பிஞ்சிரும்." என்றாலும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்குப் புது ஜோடி, தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்தவர். இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள். போன் மேசையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் வண்டி கிளம்புகிறவரைக்கும் கேட்டது. கிளம்பிய பிறகு கேட்கவில்லை. போன் அடித்தது, எடுத்தேன்.

மே 14, புதன்

நேற்று கட்டிலில் படுத்தேன். கோமு படுக்கிற சுவர்ப் பக்கம் அல்ல, என் பக்கம்.

பயம் போகவில்லை. ஃபிரிஜைத் திரும்ப மாட்டியிருக்கிறேன், அது நின்றபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. அடுத்து ஓடுகிறவரைக்கும் காத்திருந்தேன். ஓடியது. அதற்கப்புறம் எப்போதோ கண் அசந்திருக்க வேண்டும், ஏனென்றால் முழித்தேன். மணி பார்க்கவில்லை. இடுப்பு பூட்டிக்கொண்டிருந்தது. யாராவது தள்ளுவார்கள் என்று அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தேன்.

பிறகு நானே திரும்பிப் படுத்தேன்.